கட்டுப்பாடு யாருடையது?

1982 ஜூலை 5. பார்சிலோனாவின் சாரியா மைதானம். உலகக் கோப்பையில் இத்தாலி 3, பிரேசில் 2. ஜிகோ, பால்காவோ, செரேசோ, கேப்டன் சாக்ரடீஸ் என்று ஒரே அணிக்குள் அத்தனை மேதைகள். டிரா செய்தாலே பிரேசில் அரையிறுதிக்குப் போயிருக்கும். 68ஆவது நிமிடத்தில் பால்காவோ சமன் செய்த பிறகும் முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். ஆறு நிமிடம் கழித்து பாவ்லோ ரோஸி தன் மூன்றாவது கோலைப் போட்டார். திறமை தோற்றது, கட்டுப்பாடு ஜெயித்தது என்று அன்றைக்கு எழுதப்பட்ட தீர்ப்பு இன்றுவரை மாறவில்லை.

தீர்ப்பில் பாதி உண்மை. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருக்கும் நேரம் சொற்பம். மீதி நேரம் அவன் எங்கே நிற்கிறான், யாருக்காக ஓடுகிறான் என்பதுதான் ஆட்டமே. ஜென்டிலே, ஜிகோவின் சட்டை கிழிகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு நின்றார். பின்னால் ஷிரேயா பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இல்லாமல் அது நடக்காது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கட்டுப்பாடு, சரி. யார் போட்ட கட்டுப்பாடு?

முதல் சுற்றில் மூன்று டிரா செய்து பத்திரிகைகளிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்ட இத்தாலிய ஆட்டக்காரர்கள், இனி பத்திரிகைக்காரர்களிடம் பேசுவதில்லை என்று தாங்களே முடிவெடுத்தார்கள். கேப்டன் ஸோஃப் மட்டும் பேசுவார். மேலிருந்து யாரும் வாயைக் கட்டவில்லை. நாம் புகழும் அந்த ஒழுங்கின் ஒரு நுனியாவது ஆட்டக்காரர்கள் கையில் இருந்தது.

பிரேசிலில் கதை வேறு. 1964 முதல் 1985 வரை ராணுவ ஆட்சி. 1978 உலகக் கோப்பைக்கு அணியைத் தயார் செய்த கொட்டின்யோ ராணுவ கேப்டன். கிளப்புகளில் 'கான்சென்ட்ரசாவ்' என்றொரு வழக்கம்: ஆட்டத்துக்கு முன் வீரர்களை ஓட்டலில் அடைத்துவைப்பது. கல்யாணமாகிக் குழந்தை பெற்றவனும் அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. முகாம், தொழிற்சாலை, பள்ளிக்கூடம் என்று உடல்கள் பழக்கப்படுத்தப்படும் இடங்களின் பட்டியலை பூக்கோ போட்டுத் தந்திருக்கிறார். அதில் கால்பந்து மைதானத்தையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

அதே 1982இல், அதே சாக்ரடீஸ் ஆடிய சாவோ பாவ்லோவின் கொரிந்தியான்ஸ் கிளப்பில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. முந்தைய வருடம் அணி மோசமாக ஆடி இறங்கிப் போயிருந்தது. கால்பந்துப் பிரிவின் இயக்குநராக வந்த அதில்சன் மான்டெய்ரோ ஆல்வெஸ் ஒரு சமூகவியலாளர். யாரை எடுப்பது, எப்போது பயிற்சி, எங்கே தங்குவது எல்லாமே வாக்கெடுப்புக்கு வந்தன. சாக்ரடீசுக்கும் ஒரு ஓட்டு, சட்டை துவைத்துக் கொடுப்பவருக்கும் ஒரு ஓட்டு. கட்டாயக் கான்சென்ட்ரசாவ் ஒழிந்தது. அடைத்துவைக்காவிட்டால் ஆட்டம் கெட்டுப்போகும் என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1982, 1983 இரண்டு வருடமும் மாநிலக் கோப்பை கொரிந்தியான்ஸுக்குத்தான். 1982 நவம்பர் 15 தேர்தலுக்கு முன், அன்று ஓட்டுப் போடுங்கள் என்ற வாசகத்தை முதுகில் சுமந்துகொண்டு ஆடினார்கள்.

இதை ஒரு பொற்காலமாக ஆக்கிவிட வேண்டாம். 1983இல் வந்த கோல்கீப்பர் லெயாவோ இந்த முறையைக் கடைசிவரை ஏற்கவில்லை. எல்லோர் குரலுக்கும் ஒரே கனம் இருந்ததாகவும் சொல்ல முடியாது. சாக்ரடீஸ், விளாதிமிர், கசாகிராந்தே பேசினால் அதற்குத் தனி எடை. தவிர, ராணுவ ஆட்சிக்குள் இப்படியொரு கிளப் தாக்குப்பிடித்ததற்கு தேசிய அணிக் கேப்டனின் புகழ் ஒரு குடையாக இருந்தது. தனிமனிதத் திறமைக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு.

1984 ஏப்ரலில் நேரடி ஜனாதிபதித் தேர்தல் கேட்டுத் திரண்ட கூட்டத்தின் முன், சட்டத் திருத்தம் நிறைவேறினால் நாட்டைவிட்டுப் போக மாட்டேன் என்றார் சாக்ரடீஸ். 320 ஓட்டு தேவை, 298தான் கிடைத்தது. அவர் இத்தாலியின் ஃபியோரென்டினாவுக்குப் போனார்.

நம் அமைப்புகளில் கட்டுப்பாடு என்ற சொல் எப்போது வெளியே எடுக்கப்படுகிறது? பெரும்பாலும், யாராவது கேள்வி கேட்டவுடன். கொரிந்தியான்ஸில் கேள்வி முதலில், ஓட்டு பிறகு, கட்டுப்பாடு அதற்கும் பிறகு. ஓட்டில் தோற்றவனும் மறுநாள் மைதானத்தில் தன் இடத்தில் நின்றான். அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, தோற்ற பிறகு திறமைசாலிகளின் திமிரைக் குறை சொல்வது சுலபமான வேலை.