பத்திரத்தில் இல்லாத வில்லங்கம்

மனை வாங்கப் புறப்படுகிறவர் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பார்; பிறகு வில்லங்க சர்ட்டிபிகேட். அடமானம், பாகப்பிரிவினை, பழைய கிரயம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆனால் தண்ணீர்க்கரை மனைக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. அது எந்த ரிஜிஸ்தர் ஆபீஸிலும் அகப்படாது.

அது ஒரு கடிதத்தில் பிறந்தது. 1981 நவம்பரில், பிரதம மந்திரி இந்திரா காந்தி கடலோர ராஜ்யங்களின் முதல் மந்திரிகளுக்கு எழுதினார். ஓதம் மிக உயர்ந்து ஏறும் இடத்திலிருந்து 500 மீட்டர் வரை கரையைச் சும்மா விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். கடிதம் சட்டமாகிவிடுமா? அதற்குப் பத்து வருஷம் பிடித்தது. 1991 பிப்ரவரி 19-ல்தான் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. அதில் சமர்த்தான விஷயம் ஒன்று: கட்டுப்பாடு கடலோடு நிற்கவில்லை, ஓதம் ஏறி இறங்கும் ஆறு, கழி, காயல் எல்லாவற்றின் கரைக்கும் பொருந்தும். நமக்கோ கடற்கரை என்றால் மணலும் அலையும்தான்!

ஒரு வருஷத்துக்குள் ஒவ்வொரு ராஜ்யமும் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று திட்டப்படம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் அறிவிக்கை சொல்லிற்று. யார் அவசரப்பட்டார்கள்? 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு கடிந்துகொள்ள வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், பிற்பாடு வந்த சங்கடங்களில் பாதி இந்தத் தாமதத்தில் விளைந்தவைதான் என்பேன். கோடு இன்ன இடத்தில் ஓடுகிறது என்று ஊராருக்குக் காட்டாமல், கோட்டைத் தாண்டாதே என்றால் எப்படி?

கொச்சியை அடுத்த மரடு அப்படிப்பட்ட ஊர். 2006-ல் அங்கே காயற்கரையில் மாடிக் கட்டடங்கள் எழுப்ப, கிராமப் பஞ்சாயத்து அநுமதிச்சீட்டுக் கொடுத்தது. கடலோர மண்டல நிர்வாக ஆணையத்தின் சம்மதம் மட்டும் இல்லை. மறு வருஷமே பஞ்சாயத்து விழித்துக்கொண்டு, காரணம் கேட்டு நோட்டீஸ் விட்டது. கட்டினவர்கள் ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பும் அவர்கள் பக்கமே ஆயிற்று. இதற்கிடையில் வீடுகள் விற்றுத் தீர்ந்தன. பென்ஷன்காரர்களும் அயல்நாட்டில் சம்பாதித்தவர்களும் வாங்கினார்கள். பதிவு ஆயிற்று, வரி கட்டினார்கள், பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். முத்திரையெல்லாம் இருந்தது, பாவம்! அவர்கள் பார்த்த பத்திரங்களில் ஓதக் கோடு இல்லை.

2019 ஜனவரியில் மத்திய சர்க்கார் புது அறிவிக்கை ஒன்றில், ஜனநெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமங்களில் 200 மீட்டர்த் தடையை 50 ஆகக் குறைத்தது. அந்தத் தாராளம் மரடுவைக் காப்பாற்றவில்லை. அதே வருஷம் மே 8-ல், கட்டடங்களை இடித்துவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால நஷ்டஈடாக 25 லட்சம் ரூபாய் வீதம் கொடுக்க, செப்டம்பரில் உத்தரவாயிற்று. முத்திரை குத்திய பழைய பஞ்சாயத்து உத்தியோகஸ்தர் அக்டோபரில் கைதானார்.

2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்தார்கள். வேடிக்கை பார்க்கப் பெருங்கூட்டம். ஒவ்வொன்றும் சில விநாடிகளில் சரிந்தது. கடைசியாக விழுந்த கட்டடத்தின் பெயர் ‘கோல்டன் காயலோரம்’.