புதுச்சேரியின் திண்ணை வீடுகளும் விடுதிகளும்

புதுச்சேரியின் பழைய நகர்ப்பகுதியில் 'பூட்டிக் ஓட்டல்' என்ற பெயரில் இயங்கும் விடுதிகள், அதாவது குறைந்த அறைகளும் அறைக்கு அறை மாறும் தோற்றமும் கொண்ட சிறு தங்குமிடங்கள், பெரும்பாலும் விடுதிக்கென்று கட்டப்பட்டவை அல்ல. குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளும் அரசு அலுவலகங்களும் செப்பனிடப்பட்டே இவ்வடிவத்தை அடைந்தன. ஆகவே அவற்றின் ஈர்ப்பை இன்றைய அலங்காரத்தில் தேடுவதைவிட அவ்வீடுகள் எழுந்த வரலாற்றில் தேடுவதே பொருந்தும்.

நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் இந்நகரமைப்பின் திட்டம், 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர் காலத்தது. 1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் ஐரோப்பியர் குடியிருப்பையும் தரைமட்டமாக்கிய பின்னர், 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் லா தெ லோரிஸ்தோனின் தலைமையில் பழைய தெருக்களின் தடத்திலேயே நகரை மீண்டும் எழுப்பினர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை நோக்கிய பகுதியில் ஐரோப்பியரும், மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். இப்பிரிவினை நிறத்தின் பெயரால் வகுக்கப்பட்டது என்பதை, கிழக்குப் பகுதிக்கு வழங்கும் 'ஒயிட் டவுன்' (வெள்ளையர் நகரம்) என்ற பெயரை இன்று விளம்பரச் சொல்லாகக் கையாள்வோர் மறந்துவிடலாகாது.

இருபுறத்து வீடுகளும் வெயிலையும் தெருவையும் இருவேறு வகையில் எதிர்கொண்டன. கிழக்கே உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் தெருவை விலக்கி நிறுத்த, தோட்டமும் வளைவுத் தூண்வரிசையும் உள்ளே மறைந்திருந்தன. மேற்கே வீடு தெருவை நோக்கித் திறந்திருந்தது: மரத்தூண்கள் தாங்கிய சாய்கூரையாகிய தாழ்வாரம் வழிநடப்போருக்கு நிழல் தந்தது, அதனை அடுத்து, வாசற்கதவின் இருபுறமும் அமைந்த மேடையாகிய திண்ணை, முன்பின் அறியாதவரும் கேளாமலே அமர்ந்து இளைப்பாறும் இடமாக விளங்கியது, உள்ளே வானம் பார்த்த முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் அறைகளுக்குப் பகிர்ந்தளித்தது. தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து அமைக்கும் 'மெட்ராஸ் டெரஸ்' தளம் இரு பகுதிகளுக்கும் பொதுவாக இருந்தது. பிரெஞ்சு மாளிகை என இன்று போற்றப்படும் கட்டடத்தின் குளுமையிலும் தமிழ்க் கொத்தனாரின் கைத்திறன் கலந்திருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பது இக்கலப்பிற்குச் சிறந்த சான்றாகும்.

1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின், பாகப்பிரிவினையும் நிலத்தின் விலையேற்றமும் பராமரிப்புச் செலவும் சேர்ந்து பல வீடுகளை இடிபாட்டுக்கு இட்டுச்சென்றன. அவ்விடங்களில் கான்கிரீட் கட்டடங்கள் முளைத்தன. இந்நிலையில் இன்டாக் எனப்படும் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு மேற்கொண்ட முயற்சிகளோடு, பழைய வீடும் வருவாய் ஈட்டும் என்று விடுதிகள் காட்டியதும் இடிப்பவரின் கையைத் தடுத்தது. ரொமேன் ரோலான் வீதியில் முன்பு கல்வித்துறை இயங்கிய கட்டடம் 'ஓட்டல் தெ லோரியான்' ஆனதும், பெருமாள் கோயில் தெருவின் தமிழ் வீடொன்று 'மெசோன் பெருமாள்' ஆனதும் இவ்வகையின.

இம்மாற்றத்தால் வீடுகள் பிழைத்தன என்பது உண்மை. ஆயினும் வழிப்போக்கருக்கு உரிமையாயிருந்த திண்ணை, அறை எடுத்தவருக்கு மட்டும் உரியதாகும்போது அவ்வீட்டின் உயிர்ப்பான பகுதி ஒன்று குறைந்துவிடுகிறது. அவ்வகையில் கால்வே சுப்பராயச் செட்டி வீதி, மக்கள் வழக்கில் வைசியாள் வீதி, தனித்து நோக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் அங்கு வீட்டு முகப்புகள் வரிசையாகச் செப்பனிடப்பட்டன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதையும் பெற்றது. ஒரு வீட்டை மட்டும் மீட்காமல், தாழ்வாரமும் திண்ணையும் வீடுதோறும் தொடர்ந்து செல்லும் தெருவையே ஓர் அலகாகக் கொண்டதில்தான் அப்பணியின் மேன்மை அடங்கியுள்ளது.