சர்வரை அணைக்காமல் ஹார்டு டிஸ்க் மாற்றலாமா? எப்படி?

தாராவி 90 அடி சாலையில் தோல் பை தயாரித்து விற்கும் ஒரு சிறு நிறுவனம். அங்கே கணினிப் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர், பில், ஜிஎஸ்டி கணக்கு எல்லாமே மூலையில் ஓடும் ஒரே சர்வரில். திடீரென அதில் ஒரு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது. வேலையை நிறுத்த முடியாது. என்ன செய்வீங்க?

ஹாட் ஸ்வாப் என்றால் என்ன?

சர்வர் ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி, வேறொன்றை மாட்டும் வசதி இது. டிஸ்க் ஒரு தட்டில் திருகப்பட்டு, முன்பக்கத்திலிருந்து உள்ளே செருகப்படும். சாட்டா மின் இணைப்பில் எர்த் முனைகள் நீளமானவை என்பதால் அவை முதலில் தொடும். அதனால் ஓடும் சர்வரில் செருகினாலும் பாதிப்பு வராது. ஆனால் எல்லா கம்ப்யூட்டரிலும் இது நடக்காது. கன்ட்ரோலரும் இதை ஆதரிக்க வேண்டும்.

டேட்டா போயிடாதா?

அது 'ரெய்டு' அமைப்பைப் பொறுத்தது. (வருமான வரி ரெய்டு இல்லை!) பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் இந்த முறைக்கு 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரின் ஆய்வுக் கட்டுரை பெயர் தந்தது. ரெய்டு 1, ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதும். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும். ரெய்டு 6 இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 0 எதையும் தாங்காது.

மாற்றுவது எப்படி?

1. முதலில் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பாருங்க.

2. கன்ட்ரோலர் மென்பொருளில் பழுதான டிஸ்க்கின் ஸ்லாட் எண்ணையும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால் அதன் விளக்கை மட்டும் மினுக்க விடுங்கள்.

3. தட்டின் பிடியைத் திறந்து சிறிது வெளியே இழுத்து, சுமார் அரை நிமிடம் காத்திருங்கள். உள்ளே தகடு சுழல்வது நிற்கட்டும்.

4. அதே வகையில், அதே அளவு அல்லது அதைவிடப் பெரிய டிஸ்க்கைத் தட்டில் திருகி, பிடி பூட்டும்வரை செருகுங்கள்.

5. மறுகட்டமைப்பு தொடங்கியதா என்று பாருங்கள். சில சர்வர்களில் நாமே தொடங்கி வைக்கணும்.

எங்கே தப்பு நடக்கும்?

அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ரெய்டு 5இல் ஏற்கனவே ஒன்று போயிருக்கும்போது இன்னொன்றை உருவினால் மொத்த அமைப்பும் நின்றுவிடும். மறுகட்டமைப்புக்கும் நேரம் பிடிக்கும். 4 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 100 மெகாபைட் எழுதினால்கூட 11 மணி நேரத்துக்கு மேல். அதுவரை ரெய்டு 5க்குப் பாதுகாப்பு இல்லை. யுபிஎஸ் பேட்டரியையும் கவனியுங்க.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

அப்படியே காயலான் கடைக்குப் போடாதீங்க. தாராவி 13வது காம்பவுண்டில் மறுசுழற்சிக்கு வரும் பொருட்கள் பல கை மாறும். டிஸ்க் பழுதானாலும் வாடிக்கையாளர் விவரங்கள் அதில் இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைக் காப்பது நிறுவனத்தின் பொறுப்பு. டிஸ்க்கை அழித்த பிறகு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா?

வேண்டும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் அறைக்குள் வந்தால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே நனையும். தவறுதலாக அழித்த கோப்பையும் ரெய்டு மீட்டுத் தராது. ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே, செம்பூரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். மாதம் ஒரு முறை அதைத் திறந்து பாருங்கள்.