பேஸ்மேக்கரும் தசைத்துடிப்பும்

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்ட சிலருக்கு மார்புச் சதையோ விலா ஓரமோ மேல்வயிறோ நாடியோடு ஒத்து வெட்டி வெட்டித் துடிக்கும். இதயத்துக்கென்று அனுப்பிய மின்தூண்டல் பக்கத்துத் தசையையோ நரம்பையோ தொட்டுவிடுவதால் வருவது இது. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் நிமிடத்துக்கு 70 தூண்டல் என்றால் நாளொன்றுக்கு ஒரு லட்சம். அத்தனை தடவை வயிறு உதறினால் யாருக்குத் தூக்கம் வரும்? தவிர, கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி இடம் மாறியதற்கோ அதன் மேலுறை விரிசல் விட்டதற்கோ சில சமயம் இதுவே முதல் அறிகுறி.

மின்சாரம் பட்டால் தசை சுருங்கும் என்பதை இத்தாலியின் கால்வானி தவளைக்காலில் கண்டு 1791-இல் எழுதிவிட்டார். இதயமும் தசைதான். அதை மட்டும் தூண்டி, சுற்றியுள்ள தசைகளைச் சும்மா விடுவது எப்படி என்பதில்தான் சிக்கல் இருந்தது. 1952-இல் பாஸ்டனில் மருத்துவர் பால் சோல், நின்றுபோகும் இதயங்களை உடலுக்கு வெளியிலிருந்தே துடிக்கவைத்தார். தோலையும் விலாவையும் கடந்து மின்சாரம் இதயத்தை எட்ட வேண்டியிருந்ததால் நூறு வோல்ட்டுக்கு மேலும் தேவைப்பட்டது. ஒவ்வொரு தூண்டலுக்கும் நோயாளியின் மார்பு முழுவதும் சுண்டி இழுத்தது, தோல் புண்ணானது. உயிர் பிழைத்தவர்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. 1980களில் அதே சோல், தூண்டலின் நேரத்தை நீட்டி, மார்பில் ஒட்டும் மின்முனையை அகலமாக்கி அந்த வலியைப் பெருமளவு குறைத்தார். மிகக் குறுகிய தூண்டலுக்கு இதயத்தைவிட எலும்புத்தசையும் நரம்பும் முந்திக்கொண்டு துள்ளும் என்ற உடலியங்கியல் உண்மை இதற்கு உதவியது.

வலியைக் குறைக்க இன்னொரு வழி, மின்முனையை இதயத்திலேயே வைப்பது. 1957-இல் மினசோட்டாவில் அறுவை மருத்துவர் வால்டன் லில்லிஹெய் இதயத்தசையில் கம்பியைத் தைத்து, சில வோல்ட்டிலேயே காரியத்தை முடித்தார். அவருக்காகப் பொறியாளர் ஏர்ல் பாக்கன் டிரான்சிஸ்டரில் கையடக்கக் கருவி செய்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 8 அன்று ஸ்வீடனில் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள்ளேயே வைத்தார். பூட்ஸ் பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்சி பிசினில் வார்த்த கருவி அது. சில மணி நேரத்தில் பழுதாகிவிட்டாலும், அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு லார்சன் 2001 வரை வாழ்ந்தார். மருத்துவர் சென்னிங்கே அதற்கு முந்தைய ஆண்டு இறந்துவிட்டார்.

கருவி உள்ளே போனதும் தொல்லையும் உள்ளே போனது. 1960களிலும் 70களிலும் பரவலாகப் பொருத்தப்பட்ட ஒருமுனைக் கம்பியில் இதயத்தைத் தொடும் நுனி ஒரு முனை, காரை எலும்புக்குக் கீழே புதைத்த கருவியின் உலோகக்கூடே மறுமுனை. மின்சாரம் இரண்டுக்கும் இடையே மார்பைக் கடந்து ஓடியாக வேண்டும். எனவே கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மார்புத்தசை துடித்தது. தசைப்பக்கத்தில் மட்டும் காப்புப்பூச்சு பூசிப் பார்த்தார்கள். கருவி உள்ளுக்குள்ளேயே குப்புறப் புரண்டுவிட்டால் அதுவும் பயனில்லை. இரண்டு முனைகளையும் கம்பியின் நுனியருகிலேயே அமைத்த இருமுனைக் கம்பிகள், மெல்லியதாகவும் உறுதியாகவும் செய்ய முடிந்த பிறகே, இந்த வகைத் துடிப்பை அரிதாக்கின.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. இதயம் தானாகத் துடித்தால் ஒதுங்கியிருக்கும் கருவிகள் 1960களின் நடுவில் வந்தன. அவை இதயத்தின் மின்குறிப்பை ஒட்டுக்கேட்கும். மார்புத்தசை இறுகும்போது அதில் எழும் மின்சாரத்தையும் இதயத்துடிப்பு என்று ஒருமுனைக் கருவி எண்ணிவிடும், தூண்டலை நிறுத்திவிடும். கனமான பையைத் தூக்கியவர் தலைசுற்றி விழுவார். கும்பிடுவது போல இரு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தச் சொல்லி இசிஜி எடுத்துப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனை. இங்கே குற்றவாளி தசை, ஏமாந்தது கருவி.

மேல்வயிற்றுத் துடிப்புக்கும் விடாத விக்கலுக்கும் காரணம் வேறு. உதரவிதானத்தை இயக்கும் நரம்புகள் கழுத்திலிருந்து இறங்கி, வலப்பக்கத்தில் இதயத்தின் வலது மேலறையையும் இடப்பக்கத்தில் இடது கீழறையையும் உரசிக்கொண்டு போகின்றன. கம்பி நுனி அவற்றுக்கு அருகில் அமைந்தால் ஒவ்வொரு தூண்டலுக்கும் உதரவிதானம் எகிறும். வலது கீழறைச் சுவரை நுனி துளைத்துவிட்டாலும் இப்படி நேரலாம் என்பதால், பொருத்திய சில நாட்களில் தொடங்கும் வயிற்றுத் துடிப்பை மருத்துவர்கள் அலட்சியப்படுத்துவதில்லை. கம்பியைப் பொருத்தும்போதே 10 வோல்ட் கொடுத்து, வயிற்றில் கைவைத்தோ எக்ஸ்ரே திரையில் பார்த்தோ உதறல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஆனால் மேசையில் மல்லாந்து கிடக்கும்போது இல்லாத துடிப்பு, வீட்டில் இடப்புறம் ஒருக்களித்துப் படுத்ததும் வரலாம்.

1968-இல் கனடா மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். தோலுக்கடியில் இருக்கும் கருவியை நோயாளி தன்னை அறியாமல் திருகிக்கொண்டே இருந்தால், கம்பி முறுக்கேறி இதயத்தைவிட்டு மேலே இழுபடும். நுனி உதரவிதான நரம்பருகே வரும்போது வயிறு துடிக்கும். இன்னும் மேலேறித் தோள் நரம்புப்பின்னலை எட்டினால் கை துடிக்கும். இதயத்துக்கோ தூண்டலே போய்ச் சேராது. திருகுபவர் நோய்க்குறி என்று இதற்குப் பெயர்.

1980களில் சில பாலியூரித்தேன் மேலுறைகள் உடலுக்குள் விரிசல் விட்டன. மின்சாரம் வழியிலேயே கசிந்து தசையைத் துடிக்கவைத்தது. வருடக்கணக்காகச் சும்மா இருந்த இடம் திடீரென்று துடித்தால் இன்றும் முதல் சந்தேகம் உறைமீதுதான். அதே பத்தாண்டில், நுனியில் ஸ்டீராய்டு மருந்து கசியும் கம்பிகள் வந்தன. அவை நுனியைச் சுற்றி வரும் அழற்சியை அடக்கியதால் குறைந்த வோல்ட்டே போதுமானது. துடிப்பும் குறைந்தது, பேட்டரியும் நீடித்தது.

மற்றப் பக்கவிளைவுகளில் வெட்டுக்காயத்தில் ரத்தக்கட்டு, தொற்று, கையை அசைக்கப் பயந்து தோள் இறுகிப்போவது ஆகியவை எல்லாரும் அறிந்தவை. கீழறையை மட்டும் தூண்டும் கருவியில் மேலறையும் கீழறையும் தாளம் தப்பி, கழுத்தில் படபடப்பும் மயக்கமும் வருவதை 1969-இல் ஜப்பானியர் விவரித்தனர். ஈரறைக் கருவிகள் பரவ அதுவும் ஒரு காரணம்.

இதயச் செயலிழப்புக்கு இரு கீழறைகளையும் ஒருசேரத் தூண்டும் கருவி 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது பழைய தொல்லை திரும்பியது. இடது கீழறையின் சிரைக்குள் செலுத்தும் கம்பி, உதரவிதான நரம்பின் வாசலிலேயே போய் நிற்கிறது. பத்தாண்டு கழித்து வந்த நான்குமுனைக் கம்பிகளில் ஒரு முனை நரம்பைத் தூண்டினால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மறுபடி அறுக்க வேண்டாம். மார்பின் மேல் புரோகிராமர் என்ற கருவியை வைத்து வெளியிலிருந்தே அமைப்பை மாற்றினால் பலருக்குத் துடிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. 2016-இல் அமெரிக்க அனுமதி பெற்ற கம்பியில்லாப் பேஸ்மேக்கர் முழுவதும் இதயத்துக்குள்ளேயே இருப்பது. மார்பில் புதைக்கும் கூடும் இல்லை, திருகக் கம்பியும் இல்லை என்பதால் அந்த இரண்டு வகைத் துடிப்புக்கும் அதில் இடமில்லை.