அத்திப்பள்ளிக்கு அப்பால்

ஓசூரில் குடியிருப்பவனுக்குச் சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர். பெங்களூரோ வெறும் 40. கல்யாணப் புடவை, கண் வைத்தியம், பிள்ளைகளின் உத்தியோகம் எல்லாவற்றுக்கும் நாங்கள் வடமேற்கே பார்த்துத்தான் பழகியவர்கள். ஆகவே எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தபோது அதுவும் அந்தத் திசையிலேயே பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் என் சொந்தக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. "தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கர்நாடகக் கட்சிக்கு மேளம் கொட்டுகிறாயே!" என்று சேலத்து மைத்துனர் ஒருவர் இன்றுவரை குத்திக் காட்டுகிறார். 2018 மார்ச் 17-ஆம் தேதி சென்னைக் குழு பெங்களூருக்கே வந்து, இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் பெங்களூரை 3-2 என்று தோற்கடித்துக் கோப்பையைக் கொண்டுபோனபோது அவர் எனக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் மறக்கமாட்டேன்.

எங்கள் ஊரின் லட்சணம் தெரிந்தவர்கள் அவரைப் போல் பேசமாட்டார்கள். ஓசூர் என்ற பெயரே கன்னடம்; 'ஹொச ஊரு', அதாவது புதூர். கடைத்தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழும். 1956-இல் மொழி வாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது இந்தத் தாலுகா சென்னை ராஜ்யத்தில், சேலம் ஜில்லாவோடு நின்றது. 1965-இல் தர்மபுரி ஜில்லாவுக்குப் போயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு. எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகு, ராமநாதபுரத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் கடைசல் இயந்திரத்தின் முன் வந்து நின்றார்கள். எல்லைக்கோடு இருக்கிறதே, அது ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் ரஸ்தாவின் மேல் ஓடுகிறது. மனிதர்களின் மேல் எங்கே ஓடுகிறது என்று எந்தச் சர்வேயராலும் சொல்ல முடியாது.

கால்பந்து விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் பழையது. 1809-இல் ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாசறையைக் கலைத்துப் பெங்களூரில் தண்டு ஏற்படுத்தினார்கள். தண்டு என்றால் சிப்பாய்கள் மட்டும் அல்லவே! சமையற்காரர், வண்ணார், கொத்தனார், தோட்டக்காரர், குதிரைக்குப் புல் வெட்டுகிறவர் என்று ஒரு பெருங்கூட்டம் கூடவே போயிற்று. அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். அல்சூரிலும் அதைச் சுற்றிய பேட்டைகளிலும் அவர்கள் வேரூன்றினார்கள். வெள்ளைக்காரப் பட்டாளங்கள் மாலை வேளையில் பந்தை உதைத்தன. வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த பையன்கள், பட்டாளம் போன பிறகு வெறுங்காலோடு உதைத்தார்கள். இந்தியா முழுவதிலும் கால்பந்தின் கதை இதுதான் என்றாலும், பெங்களூரில் வேலி ஓரத்தில் நின்ற பையன் பெரும்பாலும் தமிழ் பேசினான். அல்லது உருது பேசினான்.

பம்பாயில் 1891 முதல் ரோவர்ஸ் கோப்பை நடந்து வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அதைப் பட்டாளத்துக் குழுக்களே மாறி மாறித் தூக்கிச் சென்றன. அதை முதன்முதலில் வென்ற இந்தியக் குழு எது என்று கேட்டால், பலர் கல்கத்தாவின் பெயர் ஒன்றைச் சொல்வார்கள். தவறு. 1937-இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற குழு அதை வென்றது. எதிர்த்து ஆடியது சாமானியக் கட்சி அல்ல. கல்கத்தா லீக்கை வருஷா வருஷம் வென்று கொண்டிருந்த முகமதன் ஸ்போர்ட்டிங். மறுவருஷமும் பெங்களூர் முஸ்லிம்ஸே வென்றது.

பிறகு 1948. சுதந்திர இந்தியா முதல் முறையாக ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடியது. ஜூலை 31-ஆம் தேதி, லண்டனுக்கு அருகே இல்ஃபோர்டில், பிரான்ஸுக்கு எதிரான ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு, சிலர் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடினார்கள். கோல் காத்தவர் வரதராஜ். இந்தியாவுக்காக ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இருவரும் பெங்களூரில் ஆடி வளர்ந்தவர்கள். ஒலிம்பிக் கால்பந்தில் சுதந்திர இந்தியாவின் முதல் கோல் அது என்பதை எத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் நம்மவர்கள் கோட்டைவிட்டார்கள். கடைசி நிமிஷங்களில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா நமக்குப் பத்து கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. அந்த ஒன்றைப் போட்டவரும் பெங்களூர்க்காரர்தான், அகமது கான். பந்து அவர் காலில் பாம்பைப் போல் நெளியும் என்பார்கள்.

மைசூர் ராஜ்யக் குழு சந்தோஷ் கோப்பையை 1946-லும் 1952-லும் 1967-லும் 1968-லும் வென்றது. அதன் பிறகு ஒரு பெரிய மௌனம். கர்நாடகம் என்று பெயர் மாறிய ராஜ்யம் அந்தக் கோப்பையை மறுபடி தொட்டது 2023-இல், அதுவும் சவூதி அரேபியாவின் ரியாத் நகரத்தில்! அந்த மௌனக் காலத்தில்தான் நான் பெரியவனானேன். ஆகவே நான் கேட்டதெல்லாம் பழம்பெருமை. கண்ணால் பார்த்தது ஒன்றும் இல்லை.

2013 ஜூலையில் பெங்களூர் எப்.சி. என்ற குழு பிறந்தது. எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். ஆலையில் பிட்டர் வேலை, வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். செப்டம்பர் 22-ஆம் தேதி மோகன் பகானுடன் முதல் ஆட்டம், அசோக் நகரில் இருக்கும் பழைய கால்பந்து மைதானத்தில். 1-1 என்று சமமாக முடிந்தது. புதுக் குழுவுக்கு இது போதும் என்று திரும்பினோம். ஆனால் சுனில் சேத்ரி தலைமையில் அந்தப் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே ஐ-லீக்கை வென்றுவிட்டார்கள். 2014 ஏப்ரல் 21-இல் கோவாவில் டெம்போ குழுவை 4-2 என்று முறித்தபோது பட்டம் உறுதியாயிற்று. மறுவருஷம், 2015 மே 31, கடைசி ஆட்டம் மறுபடியும் மோகன் பகானுடன். நாம் ஜெயித்தால் பட்டம் நமக்கு. சமம் என்றால் அவர்களுக்கு. 87-ஆவது நிமிஷம் வரை நாம்தான் முன்னால். அப்போது மூலையிலிருந்து வந்த ஒரு பந்துக்குப் பெல்லோ ரசாக் தலையைக் கொடுத்தார். அவ்வளவுதான். மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட மாலை அது. நண்பர் ஓசூர் வந்து சேரும் வரை ஒரு மொழியிலும் பேசவில்லை.

நான் சொல்ல வந்தது 2016-ஆம் வருஷத்தைப் பற்றி.

அந்த வருஷம் குழு ஐ-லீக்கை மறுபடி வென்றது. அதோடு ஆசிய நாடுகளின் ஏ.எப்.சி. கோப்பையிலும் மேலே ஏறிக்கொண்டே போயிற்று. முதல் சுற்றில் மலேசியாவின் ஜொகூர் குழுவிடம் இரண்டு முறையும் அடி வாங்கியது. இருந்தாலும் தப்பிப் பிழைத்து, ஹாங்காங்கில் கிட்சீ குழுவை 3-2 என்று வென்று கால் இறுதிக்கு வந்தது. சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸுடன் பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் ஆட்டம். தேதி செப்டம்பர் 14. டிக்கட்டைப் பற்றி நண்பர் ஆகஸ்டிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 5-ஆம் தேதி, தமிழ்நாட்டுக்குக் காவிரியில் வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள் தண்ணீர் விடும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 12-ஆம் தேதி அதை 12,000 என்று குறைத்து, 20-ஆம் தேதி வரை நீட்டிற்று. அன்றே பெங்களூர் பற்றி எரிந்தது. தமிழ்நாட்டு எண் தாங்கிய பஸ்களும் லாரிகளும் தேடிப் பிடித்துக் கொளுத்தப்பட்டன. ஒரே கொட்டடியில் நாற்பதுக்கு மேற்பட்ட பஸ்கள் எலும்புக்கூடாக நின்ற படத்தை நாடே பார்த்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர் போயிற்று; நகரத்தின் பல பகுதிகளில் ஊரடங்கு. இந்தப் பக்கத்து பஸ்கள் ஜூஜூவாடியோடு நின்றன. அந்தப் பக்கத்து பஸ்கள் அத்திப்பள்ளியோடு. நடுவில் ஜனங்கள் நடந்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தள்ளாத கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். 1991 டிசம்பரில் அந்த ஊரிலிருந்து இதே வழியாக ஓடிவந்த தமிழ்க் குடும்பங்களைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு. அவர்கள் அன்று வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், 14-ஆம் தேதி நான் போகவில்லை. பயம். ஏழாவது நிமிஷத்தில் கேரளத்துப் பிள்ளை வினீத் ஒரு கோல் போட்டதையும், அதுவே வெற்றி கோல் ஆனதையும் கைப்பேசியில் தெரிந்துகொண்டேன். வழக்கம்போல் துள்ளிக் குதிக்கக் கால் வரவில்லை. என் ஊரின் பேரால் பஸ்ஸைக் கொளுத்திய நகரத்தின் குழுவுக்கு நான் எதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு கேள்வி நெஞ்சில் கிடந்து உறுத்தியது. மைத்துனரும் விடவில்லை, "உன் பெங்களூர் எப்படி?" என்று விசாரித்தார். நியாயமாகப் பார்த்தால் பஸ்ஸைக் கொளுத்தியவனுக்கும் பந்தை உதைத்தவனுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் குழுவில் பஞ்சாபி இருந்தான், மணிப்புரி இருந்தான், மலையாளி இருந்தான், ஸ்பெயின் தேசத்தான் இருந்தான். இது புத்திக்குத் தெரிந்தது. மனசு கேட்கவில்லை.

சிங்கப்பூரில் நடந்த மறு ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அரை இறுதியில் எதிரே வந்தது, இரண்டு முறை அடித்த அதே ஜொகூர். முந்தின வருஷத்துச் சாம்பியன். அவர்கள் ஊரில் 1-1. மறு ஆட்டம் கண்டீரவாவில், அக்டோபர் 19, புதன்கிழமை.

அன்று மத்தியானம் நண்பர் வந்து வாசலில் நின்றார். முதல் ஷிப்டு முடித்துக் குளித்திருந்தார்.

"சார், கிளம்புங்க."

"போகத்தான் வேணுமா?"

"நாம போகலைன்னா அவங்க ஆடமாட்டாங்களா என்ன? நாமதான் பார்க்கமாட்டோம்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நேர் பஸ்ஸை நம்பாமல் டவுன் பஸ்ஸில் ஜூஜூவாடி போய், அங்கிருந்து நடந்தோம். கொஞ்ச தூரந்தான், ஆனால் பேச்சில்லாமல் நடந்தால் எந்தத் தூரமும் கூடிவிடுகிறது. "அந்தப் பக்கம் போனதும் நீங்க வாயைத் திறக்காதீங்க சார், நான் பார்த்துக்கறேன்" என்றார். அத்திப்பள்ளியில் மாநகர பஸ் ஏறி, எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் சிக்கி, ஊமையாகவே போய்ச் சேர்ந்தேன்.

நீலச் சட்டைகளின் கடலில் எங்கள் இடத்தைத் தேடி உட்கார்ந்தோம். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தோளில் நீலத் துண்டு. என்னைப் பார்த்து, "எல்லிந்த பந்த்ரி?" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள்? நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் நெஞ்சை நிமிர்த்தி, "ஹொசூரு" என்றார்.

அவர் ஒரு கணம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, நல்ல வட ஆற்காட்டுத் தமிழில், "நடந்தா வந்தீங்க? ஐயோ பாவமே!" என்றார்.

அவர் கௌதமபுரத்துக்காரர். அல்சூருக்குப் பக்கத்தில் உள்ள பேட்டை அது. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேஸில் பெலேக்கும் சிலை வைத்திருக்கிற பேட்டை. தாத்தா பட்டாளத்தில் கொத்து வேலைக்கு வந்தவராம். கலவரத்தன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருந்தோம். வேற என்ன செய்யறது? இது எங்க ஊருங்களே, எங்கே போறது?" என்றார். அதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அவர் எழுந்து நின்று கன்னடத்தில் கத்த ஆரம்பித்தார்.

பதினோராவது நிமிஷத்திலேயே ஜொகூர் ஒரு கோல் போட்டது. மைதானம் செத்தது. இடைவேளைக்குச் சற்று முன் சேத்ரி சமன் செய்தார். 67-ஆவது நிமிஷத்தில் அவரே வெகு தூரத்திலிருந்து ஓர் அடி அடித்தார் பாருங்கள், அந்தப் பந்து வலைக்குள் போவதற்கு முன்பே நான் "கோல்!" என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நிறுத்தாமல் தமிழில் என்னென்னவோ சொன்னேன். நண்பர் என்னைத் தடுக்கவில்லை. அவர் தெலுங்கில் இருந்தார். எட்டு நிமிஷம் கழித்து ஸ்பெயின்காரர் ஹுவானன் மூன்றாவதைப் போட்டார். ஆசியக் கோப்பை ஒன்றின் இறுதிக்கு ஏ.எப்.சி. கோப்பையில் போன முதல் இந்தியக் குழு அதுதான். கௌதமபுரத்துக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் துண்டு வேர்வையில் நனைந்திருந்தது.

இறுதி ஆட்டம் நவம்பர் 5, கத்தார் தேசத்து தோஹாவில். ஓசூரில் டீக்கடைக்காரர் ஒருவர் எதற்கும் எதிர்க்கட்சி பேசுகிறவர். அவரோடு நண்பர் 500 ரூபாய் பந்தயம் கட்டினார். எதிரே ஈராக்கின் விமானப்படைக் குழு. நம் வழக்கமான கோல் காவலர் அம்ரிந்தர் சிங் தடை காரணமாக ஆட முடியவில்லை. பதிலுக்கு வந்த ரால்ட்டே தம்மால் ஆனதையெல்லாம் தடுத்தார். 70-ஆவது நிமிஷத்தில் ஹம்மாதி அகமது ஒரு கோல் போட்டார். அதற்குப் பதில் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் டீக்கடைக்குப் போய், ஒரு பேச்சும் பேசாமல், மொடமொடப்பான ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்த நோட்டு செல்லாது என்று டெல்லியிலிருந்து அறிவிப்பு வந்தது. புதன்கிழமை விடியற்காலையில் டீக்கடைக்காரர் நோட்டும் கையுமாக நண்பர் வீட்டு வாசலில் வந்து நின்றார். நண்பர் கதவைத் திறந்து, "பந்தயம் பந்தயந்தான்" என்று சொல்லி மறுபடியும் சாத்திக்கொண்டார்.