அடுப்பங்கரைக் கணக்கும் ஐம்பது காசுக் கூலியும்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவர்களின் மனக்கண்முன் தோன்றுவோர் மன்னர்களும் ஆளுநர்களும் போர்த்தளபதிகளுமே ஆவர். பினாங்கில் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய ஆண்டு 1786 என்பதை நம் மாணவன் தயங்காமல் ஒப்புவிப்பான். அவனுடைய கொள்ளுப்பாட்டி நாளொன்றுக்கு எத்தனை காசில் உலை வைத்தாள் என்று கேட்டால் விழிப்பான். பிழை அவனுடையதன்று, அத்தகைய கேள்வியை நாம் கேட்டதே இல்லை. மலாயாத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலை எழுதுவர், இரப்பர் மரத்தை எழுதுவர், கங்காணியை எழுதுவர். அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பது அரிது. குடும்பச் செலவைக் குறைக்கும்பொருட்டு நம் பெண்கள் கையாண்ட சமையல் முறைகளும் சந்தை முறைகளும் வரலாற்றுச் செய்திகளே. அந்தச் சிக்கனத்தின் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதோ எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று. இவ்விரண்டையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

நான் வளர்ந்த ஊர் ஜெலுத்தோங். ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் பால் சூயிங்கம் செய்யப் பயன்பட்டது. பாலெடுக்கும் மரத்தின் பெயரைத் தாங்கிய ஊருக்கு, செபராங் பிறையின் பால்மரக் காட்டிலிருந்து என் பாட்டி குடிவந்தது பொருத்தமே எனப் பின்னாளில் நினைத்துக்கொள்வதுண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் அம்மாவுடன் பை தூக்கிக்கொண்டு ஜெலுத்தோங் சந்தைக்குச் செல்வது என் வேலை. அம்மா காலை எட்டு மணிக்குப் புறப்படமாட்டார். பதினொன்றரைக்குத்தான் செருப்பை மாட்டுவார். கடை கட்டும் நேரத்தில் மீன்காரர் கெம்போங் மீனைக் கூறு கட்டி வைத்துவிட்டுக் கூவுவார். காலையில் கட்டிக் கணக்கில் விற்ற மீன் அப்போது கூறு கணக்கில் பாதி விலைக்குக் கிடைக்கும். (கட்டி என்பது ஏறத்தாழ 605 கிராம், இன்றைய மாணவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.) வாடத் தொடங்கிய கீரையைப் பாட்டி அன்றே கடைந்துவிடுவார். மீன் தலை மறுநாள் குழம்பாகும். கடையில் பற்று எழுதுவது மட்டும் எங்கள் வீட்டில் குற்றம். “கடன் எழுதி வாங்கினா உலை நம்மளது, சோறு கடைக்காரனது” என்பார் பாட்டி. தோட்டத்தில் சம்பள நாளன்று, கையில் வாங்கிய காசை மளிகைக் கடைக் கணக்கில் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் லயத்துக்குத் திரும்பியவர்களைக் கண்டவர் அவர்.

அக்காலத்தில் எனக்கு இவையெல்லாம் கஞ்சத்தனமாகவே பட்டன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடல்நலப் பாடத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஒரு வரி வந்தது. அவ்வொரு வரியின் பின்னணியைத் தேடிப் படித்தபோதுதான் பாட்டியின் அடுப்பு வேறொரு விதமாக எனக்குத் தெரியத் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. கால்கள் வீங்கும் அல்லது மரத்துப்போகும். இறுதியில் இதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடையே அது கடுமையாகப் பரவியிருக்க, தமிழ்த் தொழிலாளரிடையே அரிதாகவே காணப்பட்டது. மருத்துவர்கள் வியந்தனர். 1905ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சயாமின் பச்சரிசிச் சோற்றையும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசிச் சோற்றையும் கொடுத்து வந்தார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவியது. புழுங்கலரிசி உண்டோரிடையே பரவவில்லை. அதனையடுத்து பிரேசர், ஸ்டேண்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தி அதே முடிவுக்கு வந்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அச்சத்திற்கு உயிர்ச்சத்து பி1 என்று பின்னாளில் பெயர் வந்தது. அது நீரில் கரையும் தன்மையது. ஆகவே வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்பிட்டுக் குடித்த வீட்டில் சத்தும் வீணாகவில்லை, காசும் வீணாகவில்லை. மீந்த சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாள் விடியற்காலையில் வெங்காயத்தோடு உண்டுவிட்டுப் பால்வெட்டச் சென்றவர்கள் காலை உணவுக்கென்று தனியே செலவிடவுமில்லை.

இதை வைத்துக்கொண்டு நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். அது மிகை. பிறந்த ஊரில் உண்ட அரிசியையே இங்கும் விரும்பி உண்டனர். அவ்விருப்பம் அவர்களைக் காத்தது. அவ்வளவே. எனினும் கஞ்சியைக் கொட்டாதே என்று சொல்லிக்கொடுத்த கை ஒரு பெண்ணின் கை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கூலிக்கு வருவோம். தோட்டத் தொழிலாளியின் கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி. இந்தியக் குடியேற்றக் குழு 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்றது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தரக் கூலியை வகுக்கும் அதிகாரத்தை அக்குழுவிற்கு வழங்கியது. அதற்கு ஆதாரமாக அதிகாரிகள் ஒரு தொழிலாளியின் மாதச் செலவைப் பட்டியலிட்டனர். அரிசி, மளிகைச் சாமான், துணிமணி முதலியவற்றை இவ்வளவு என்று கடை விலையைக் கொண்டு கூட்டி, அக்கூட்டுத் தொகையிலிருந்து நாட்கூலி பெறப்பட்டது. வேறு சொற்களில் கூறின், நம் பெண்களின் மளிகைக் கணக்கே அரசாங்கத்தின் கூலிக் கணக்காயிற்று. 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அது நின்றது.

பிறகு உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்தது. இரப்பர் விலை சரிந்துகொண்டே போய், 1932இல் ராத்தலுக்கு 7 காசு அளவில் கிடந்தது. தரக் கூலி 1930ஆம் ஆண்டிலேயே ஆணுக்கு 40 காசாகவும் பெண்ணுக்கு 32 காசாகவும் குறைக்கப்பட்டுவிட்டது. இரப்பர் விலையோடு அரிசி விலையும் இறங்கிவிட்டது, வாழ்க்கைச் செலவு குறைந்துவிட்டது என்பது அதற்குக் காட்டப்பட்ட நியாயங்களுள் ஒன்று. இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் இங்கு வந்து நிலைமையை ஆராய்ந்து, பழைய 50 காசையும் 40 காசையும் மீட்டுத் தருமாறு பரிந்துரைத்தார். 1937இல் அது மீண்டது. மறு ஆண்டே 45 காசும் 36 காசுமாகக் குறைந்தது. 1938ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடை செய்தது.

மூன்று இணை எண்களையும் மாணவர்கள் வகுத்துப் பார்க்கட்டும். 50க்கு 40; 40க்கு 32; 45க்கு 36. கூலி ஏறினும் இறங்கினும் பெண்ணுக்கு ஐந்தில் நான்கு பங்குதான். அது மட்டும் அசையவில்லை. அந்த ஐந்தில் நான்கு பங்கைப் பெற்றவள்தான் மாலையில் திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்கினாள், அம்மியில் அரைத்தாள், விறகு தேடினாள். செலவுப் பட்டியலில் அரிசிக்கு விலை இருந்தது. அதைச் சோறாக்கும் உழைப்புக்கு விலை இல்லை. இதைவிடக் கசப்பான செய்தி ஒன்றுண்டு. செலவை அளவுகோலாகக் கொண்ட கூலி முறையில், ஒரு குடும்பம் குறைந்த செலவில் வாழக் கற்றுக்கொண்டால், அக்குறைந்த செலவே அடுத்த கூலிக்கு அளவாகிவிடக்கூடும். கருவாட்டுத் துண்டொன்றை மூவருக்குப் பங்கிடத் தெரிந்தவளின் திறமை அவளுக்கே எதிராகத் திரும்பக்கூடும். நம் பாட்டிமார் சிக்கனமாக வாழ்ந்து பிள்ளைகளைக் காத்தனர் என்று பெருமை பேசும்போது, அவர்கள் ஏன் அவ்வளவு சிக்கனமாக வாழ வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என நான் கூறுவது இதனால்தான்.

ஜப்பானியர் காலத்தில் சிக்கனம் என்ற சொல்லே பொருளிழந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மீது குண்டுகள் விழுந்தன. அம்மாதமே பினாங்கு ஜப்பானியர் கைக்கு மாறியது. மலாயா தான் உண்ட அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் இறக்குமதி செய்துவந்த நாடு. கப்பல்கள் நின்றன. போதாக்குறைக்கு, 1943ஆம் ஆண்டு அக்டோபரில் கெடா உள்ளிட்ட நான்கு வடமாநிலங்கள் சயாமிடம் ஒப்படைக்கப்பட்டன. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த நெல்வயல் வேற்று நாடாயிற்று. அரிசி பங்கீட்டில் கிடைத்தது. அதுவும் நாளடைவில் சுருங்கியது. வாழை மரம் அச்சிட்ட ஜப்பானிய வெள்ளி நோட்டுகள் பெருகப் பெருக, அவற்றின் மதிப்பு கரைந்தது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அவை வெறுந்தாள்களாயின. பாட்டி ஒரு மைலோ டப்பாவில் நான்கைந்து நோட்டுகளை வைத்திருந்தார். நாங்கள் அவற்றை வைத்துக் கடை விளையாட்டு விளையாடுவோம்.

மரவள்ளிக்கிழங்குதான் அக்காலத்துச் சோறு. வேகவைத்தும் சுட்டும் மாவாக்கியும் உண்டனர். கேழ்வரகும் சர்க்கரைவள்ளியும் வீட்டுக்கொல்லையில் விளைந்தன. மண்ணெண்ணெய் கிட்டாமல் தேங்காயெண்ணெய் விளக்கு எரிந்தது. இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். சோற்றுக்கஞ்சியில் ஒரு துளியையும் கொட்டவிடாத பாட்டி, மரவள்ளி வேகவைத்த நீரை மட்டும் கட்டாயம் கொட்டச் சொல்வார். தோலைத் தடிப்பாகச் சீவி, மூடாத பானையில் நிறைய நீர்விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்தெறிய வேண்டும். மரவள்ளியில், அதிலும் கசப்பு வகையில், நச்சுப்பொருள் உண்டென்பதே காரணம். எதைச் சேமிப்பது, எதை எறிவது என்ற அறிவு இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தது. கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. அதை ஈடுசெய்யக் கொழுந்திலையை நன்கு அவித்துத் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தனர். மலாய்க்கார அண்டை வீட்டாரிடம் கற்றுக்கொண்டது அது. இத்தனை திறமையும் போதவில்லை. சத்துக்குறைவால் கால்களில் ஆறாத புண் வந்தவர்களும், பெரிபெரியால் வீங்கியவர்களும் தோட்டங்களில் பெருகினர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆண்களுள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பதைப் பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன். விடை சொல்லாமல் வெற்றிலையை எடுத்துக்கொண்டார். நான் மறுபடி கேட்கவில்லை.

விடுதலைக்குப் பின்னர் வந்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியை ஒட்டி விலைகள் ஏறின; 1974இல் நம் நாட்டின் பணவீக்கம் 17 விழுக்காட்டை எட்டியது. அவ்வாண்டு இறுதியில் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். வீட்டோரத்திலும் பள்ளி வளாகத்திலும் காய்கறி பயிரிடுமாறு மக்கள் ஊக்குவிக்கப்பட்டனர். எங்கள் வீட்டு வாசலில் ஐந்து பழைய பெயின்ட் டின்களில் மிளகாயும் கத்தரியும் நின்றன. ஜப்பானியர் காலத்துப் பழக்கம் அரசாங்கத் திட்டமாகத் திரும்பி வந்ததைக் கண்டு பாட்டி சிரித்தது நினைவிருக்கிறது.

ஆயினும் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே பினாங்கில் புதிய குரல் ஒன்று எழுந்திருந்தது. 1969ஆம் ஆண்டில் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம்தான் அது. அதனைப் பல்லாண்டுகள் தலைமையேற்று நடத்திய எஸ். எம். முகமது இட்ரிஸ் தமிழகத்தில் பிறந்து சிறுவயதிலேயே பினாங்கிற்கு வந்தவர், 2019இல் மறைந்தார். அச்சங்கம் தமிழிலும் வெளியீடுகளைக் கொணர்ந்தது. கலப்படம் செய்தவன் யார், தாய்ப்பாலை விட்டுப் புட்டிப்பாலுக்குக் காசைக் கொட்டத் தாயைத் தூண்டியது எது, விளம்பரம் சொல்லும் சத்து டப்பாவில் உண்டா என்றெல்லாம் அது கேட்டது. மளிகைச் செலவு மிகுந்தால் இல்லத்தரசியின் கை நீளம் என்று பழிப்பதே அதுவரை வழக்கம். விற்பவனிடமும் கேட்க வேண்டிய கேள்வி உண்டென்று வாங்குவோர்க்குச் சொல்லப்பட்டது, என் கணிப்பில், ஒரு பெரிய மாற்றம். அம்மா அந்த வெளியீடுகளைப் படித்தவர் அல்லர். என்றாலும் எண்பதுகளில் தராசின் முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டினார்.

2023ஆம் ஆண்டு செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையைப் பெர்னாஸ் நிறுவனம் டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. கிலோவுக்கு 2 ரிங்கிட் 60 காசு என்று உச்சவரம்பு இருந்த உள்நாட்டு அரிசி கடைத்தட்டுகளிலிருந்து மறைந்தது. அவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு அவர்கள் காலத்துச் சமையல் செலவை எழுதிவரச் சொன்னேன். பலர் இரண்டு வரியோடு நின்றனர். சிலர் பாடநோட்டில் நான்கு பக்கம் எழுதியிருந்தனர்; உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் சேர்த்த பழக்கம் மூன்று வீடுகளிலிருந்து வந்தது. அன்று வெண்பலகையில் 50, 40 என்று எழுதித் தரக் கூலியை விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“ஐயா, தாத்தாவுக்கு 50 காசு, பாட்டிக்கு 40 காசு. அப்புறம் வீட்டுல சமைச்சது யாரு?”

அந்தக் கேள்வியை அவள் கையாலேயே பலகையில் எழுதச் சொன்னேன். மணி அடித்தது, அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியர் அதை அழிக்காமல் ஒரு மூலையில் தம் கணக்கைப் போட்டுக்கொண்டார்.