களிமண்ணில் எழுதிய வாய்பாடு

ஏழாம் வாய்பாட்டை ஒப்பிக்கும்போது, "எட்டேழு ஐம்பத்தாறு" என்னும் இடத்தில் சற்றே தயங்காத மாணவர் குறைவு. இதே ஏழாம் வாய்பாட்டை ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்பே சிறுவர்கள் ஈரக் களிமண்ணில் எழுதிப் பழகினர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் நிப்பூர் என்னும் பழைய நகரின் இடிபாடுகள் உள்ளன. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1889 முதல் 1900 வரை அங்கு அகழாய்வு நடத்தினர். ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் சில, எண் வரிசைகள். 1906-இல் அவற்றை வெளியிட்ட ஹில்பிரெக்ட் என்னும் அறிஞர், அவை கோயில் நூலகத்தைச் சேர்ந்தவை எனக் கருதினார். வகுத்தல் வரிசைகளில் 1,29,60,000 என்ற பேரெண் மறைந்திருப்பதாக எண்ணி, கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் மறைபொருள் எண்ணோடு அதைத் தொடர்புபடுத்தினார்.

உண்மை இதைவிட எளியது. 1930-களில் ஓட்டோ நாய்கபவர் என்ற கணித வரலாற்றாளர், இத்தகைய பலகைகள் பலவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவை பெருக்கவும் வகுக்கவும் பயன்படும் வாய்பாடுகளே என்று அவர் தெளிவாக்கினார். பின்னர் 1951-52-இல் நிப்பூரில் தோண்டப்பட்ட ஒரு சிறு வீட்டில் ஏறத்தாழ 1,400 பலகைத் துண்டுகள் கிடைத்தன. அது கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் நடந்த பள்ளிக்கூடம்!

மாணவர்கள் எவ்வாறு பழகினர்? பலகையின் இடப்பக்கத்தில் ஆசிரியர் சில வரிகளை அழகாக எழுதிக் கொடுப்பார். வலப்பக்கத்தில் மாணவன் அதைப் பார்த்து எழுதுவான், அழிப்பான், மீண்டும் எழுதுவான். அழித்து அழித்து அந்தப் பக்கமே மெலிந்துபோன பலகைகளும் உண்டு. பின்புறத்தில், முன்பே படித்த நீண்ட பாடம் ஒன்றை நினைவிலிருந்து எழுதுவான்.

இனி வாய்பாட்டின் அமைப்பைக் காண்போம். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அவர்கள் அறுபதை அடிப்படையாகக் கொண்டனர். எனவே 7×9 என்பதன் விடையாகிய 63-ஐ, "ஓர் அறுபதும் மூன்றும்" என எழுதினர். அவ்வாறாயின் ஒவ்வொரு வாய்பாட்டையும் 59 வரை மனப்பாடம் செய்ய வேண்டுமே! அங்கேதான் அவர்களது அறிவுக்கூர்மை வெளிப்படுகிறது. ஒன்று முதல் இருபது வரை வரிசையாக எழுதினர். பிறகு 30, 40, 50 மட்டும். மொத்தம் 23 வரிகள். ஏழை 37-ஆல் பெருக்க வேண்டுமா? முப்பதேழு 210, ஏழேழு 49, கூட்டினால் 259. அதாவது நான்கு அறுபதும் பத்தொன்பதும்.

எந்தெந்த எண்களுக்கு வாய்பாடு என்பதையும் அவர்கள் ஆராய்ந்தே அமைத்திருந்தனர். 50-இல் தொடங்கி இறங்குமுகமாக, ஏறத்தாழ 40 வாய்பாடுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வகுத்தலுக்கு உதவுபவை. ஐந்தால் வகுக்க, அவர்கள் பன்னிரண்டால் பெருக்குவர். ஏனெனில் அறுபதில் பன்னிரண்டு ஐந்துகள் உள்ளன. 35-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 420, அதாவது ஏழு அறுபதுகள். ஆகவே விடை 7. ஆனால் அறுபதை ஏழால் வகுக்கப் புகுந்தால், அவர்கள் முறையில் கணக்கு முடிவின்றி நீளும். வகுத்தலுக்கு உதவாவிட்டாலும், பெருக்குவதற்குத் தேவைப்பட்டதால் ஏழும் பட்டியலில் இடம்பெற்றது.

ஆக, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு உருப்போடவில்லை. எதை நினைவில் வைக்க வேண்டும், எதை நொடியில் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று பிரித்தறிந்தனர். அப்படிக் குறைத்தெடுத்த வரிகளைத்தான் திரும்பத் திரும்ப எழுதி மனத்தில் பதித்தனர். பழக்கமும் சிந்தனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பாடம் முடிந்த பலகைகளை அவ்வீட்டார் சுவருக்கும் தரைக்கும் கட்டுமானப் பொருளாகப் போட்டுவிட்டனர். அவ்வாறு புதைந்ததாலேயே அவை நமக்குக் கிடைத்தன. அடுத்த முறை 37-ஐயோ 48-ஐயோ ஏழால் பெருக்க நேரும்போது, தாளைத் தேடாமல் நிப்பூர்ச் சிறுவனைப் போலப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள்.